தை மாதத்துப் பச்சை

செப்டெம்பர் 28

இந்த நாட்குறிப்பேடு வேலைத்தலத்தில் தந்தது. இருபத்தேழு வருடம் பாண் தொழிற்சாலையில் மாவோடு மாரடித்தவனுக்குப் பிரியாவிடையாக ஒரு கேக், ஒரு நாட்குறிப்பேடு. கேக்கை அவர்களே வெட்டி அவர்களே தின்று முடித்துவிட்டார்கள். மிஞ்சியது இது. முதல் பக்கத்தில் பெயர் கேட்கிறது: பேரம்பலம். வயது கேட்கிறது: அறுபத்திரண்டு. பொழுதுபோக்கும் கேட்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

எழுதுவதற்கு இன்றைக்குத்தான் ஒரு விஷயம் கிடைத்தது. பின்னேரம் தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு என் மனைவி யோகமலர் சொன்னாள்: "தைப்பொங்கல் முடிய நான் ஊருக்குப் போறன்."

"எத்தினை கிழமைக்கு?"

"அது அங்கை போய்த்தான் சொல்லுவன்."

ஊரில், கோண்டாவிலில், அவளுடைய தம்பி தயாபரன் அக்காவுக்கென்று ஒரு அறை கட்டுகிறான். மார்கழியில் வேலை முடிந்துவிடுமாம். குளியலறையும் சேர்ந்த அறையாம். எனக்கு இதெல்லாம் புதுச்செய்தி.

"இப்பதானே மலர் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறம்," என்றேன். உண்மைதானே! இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம் பதினாலாம் மாடியில் வாடகைக்கு இருந்துவிட்டு, இந்த ஆனியில்தான் ஏஜாக்ஸ் நகரில், பின்பக்கம் வெறும் வளவோடு ஒரு வீடு வாங்கி வந்திருக்கிறோம்.

"அதுதான் பிரச்சினை. வேலைக்குப் போன காலத்திலை தெரியேல்லை. இனி நாள் முழுக்கச் சமைச்சுக்கொண்டு இந்தக் குசினி யன்னலுக்கு முன்னாலைதானே நிக்கப்போறன். ஆறு மாசம் ஒரு பச்சை இலை கண்ணிலை படாமல் என்னாலை ஏலாதப்பா."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. கார்த்திகை பிறந்தால் அவளுடைய பேச்சுக் குறையத் தொடங்கும். தை மாதத்தில் எதைக் கேட்டாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்துத்தான் வரும். பனிக்காலத்தில் வேலைக்கும் கடைக்கும் தவிர அவள் வாசல்படி தாண்டியதை நான் கண்டதில்லை.

என் வாயும் சும்மா இருக்காது. "தை மாசத்திலை இதே யன்னலாலை நான் உமக்குப் பச்சை காட்டினால்?" என்றேன்.

சிரித்தாள். "காட்டுங்கோ பாப்பம். காட்டினால் நிக்கிறன்."

நான் கூடப் போக முடியாது. பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். தனியே இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சமைக்கத் தெரியும். முட்டை பொரிப்பேன்.

ஒக்டோபர் 1

டிக்கெட் போட்டுவிட்டாள். ஜனவரி 19. திரும்பி வரும் தேதி போடவில்லை.

ஒக்டோபர் 4

நேர்சரிக்குப் போனேன். இலை பெரிதாக, பச்சைப் பசேலென்று நின்ற ஆறு செடிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பீரமாக வந்தால், கடைக்காரி வழிமறித்தாள். பெயர் வில்மா. நாற்பது வயதிருக்கும், நகமெல்லாம் மண். வண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்களுக்கு இப்போது பச்சை வேண்டுமா, ஜனவரியில் பச்சை வேண்டுமா?"

"ஜனவரியில்."

"அப்படியென்றால் இதில் ஐந்து, இன்னும் மூன்று கிழமையில் வெறும் குச்சி."

நான் விவசாயிகள் ஊரில் பிறந்தவன் என்று சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டு நாலு கேள்வி கேட்டாள். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது? வெயில் எத்தனை மணி நேரம் விழும்? கூரைப் பனி எங்கே சரிந்து விழும்? முயல் வருமா? ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் சம்பளம் கேட்டபோதுகூட நான் இவ்வளவு முழிக்கவில்லை.

பிறகு அவளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். குளிரிலும் இலை கொட்டாத இனம் என்று தனியே நாலு வரிசை வைத்திருக்கிறாள். கரும்பச்சை ஊசி இலையோடு யூ. சின்னச் சின்ன வட்ட இலையோடு பாக்ஸ்வுட். எண்ணெய் பூசினதுபோலப் பளபளக்கிற முள் இலையோடு ஹாலி. கடைசியாக மாவிலை மாதிரி நீண்ட இலையோடு ஒன்று, அதன் பெயர் ரோடோடென்ரன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஹாலியில் ஆண் தனி, பெண் தனியாம். பக்கத்தில் ஓர் ஆண் நிற்காவிட்டால் பெண்ணில் சிவப்புப் பழம் பிடிக்காதாம். அதைச் சொல்லிவிட்டு நான் ஆச்சரியப்படுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பனை மரம் நிற்கும் ஊரிலிருந்து வந்தவனிடமா இந்தக் கதை! ஆண் பனை, பெண் பனை, பாளை, நுங்கு எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். எனக்குப் பின்னால் பணம் கட்ட நின்றவர்கள் எட்டுப் பேர்.

யூ இரண்டு, பாக்ஸ்வுட் நாலு, ஹாலி மூன்று, அந்தப் பெயர் வராதது ஒன்று. மொத்தம் பத்துக் கன்று.

ஒக்டோபர் 5

விடியக் காலையிலேயே குழி வெட்டத் தொடங்கினேன். யோகமலர் வெளியே வரவில்லை, குளிராம். பன்னிரண்டு பாகை இதமான வெயில், இதற்கே குளிராம். ஆனால் குசினி யன்னலை விட்டு அசையவும் இல்லை. அகப்பைக் காம்பால் கண்ணாடியில் தட்டினாள். ஒரு தட்டு என்றால் இடப்பக்கம் தள்ளு, இரண்டு தட்டு என்றால் வலப்பக்கம் தள்ளு. மூன்று தட்டினால் எல்லாமே பிழை. மூன்று தட்டுத்தான் அதிகம் விழுந்தது.

ஆண் ஹாலியை நடுவில் வைக்கப் போனேன். யன்னல் திறந்தது.

"அதைக் கரையிலை வையுங்கோ. ஆம்பிளையள் ஒரு கரையிலை நிண்டால் காணும்."

கரையில் வைத்தேன். மாவிலை மாதிரி இலை உள்ளதற்கு அவளே நீட்டிலை என்று பெயர் வைத்தாள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 18

ஐப்பசி பிறந்துவிட்டது. இரண்டு நாளாக நல்ல மழை. ஊரில் இந்த மழைக்குத்தானே காத்திருந்து கன்று நடுவோம், எரு வைப்போம். கடையில் மாட்டெரு மூடையில் விற்கிறார்கள். ஆறு மூடை வாங்கி வந்து பத்துக் கன்றுக்கும் தாராளமாக வைத்தேன். வளவு முழுக்க ஊர் வாசம். யோகமலர் யன்னலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு உடனே சாத்தினாள்.

ஒக்டோபர் 29

குருத்து வந்திருக்கிறது! பாக்ஸ்வுட்டிலும் யூவிலும் இளம்பச்சைத் துளிர். ஒட்டாவாவில் இருக்கும் மகள் ஆரணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அப்பா, இந்த சீசன்ல துளிர் வாறது நோர்மலா?" என்று கேட்டாள். எரு வைத்தவனுக்குத் தெரியும் என்று பதில் போட்டேன்.

நவம்பர் 3

நேற்று உறைபனி. துளிர் எல்லாம் கறுத்து, வதக்கின கீரை மாதிரித் தொங்குகிறது.

வில்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒக்டோபரில் யார் எரு வைப்பார்கள்?" என்றாள்.

"எங்கள் ஊரில் எல்லோரும்."

அவள் சொன்னாள், இந்த நாட்டில் அது செடி நித்திரைக்குப் போகும் நேரம், நான் தட்டி எழுப்பிச் சாப்பாடு போட்டிருக்கிறேனாம். துளிர்தான் போகும், தாய்ச்செடி சாகாது, கை வைக்காமல் பேசாமல் இருக்கச் சொன்னாள். பேசாமல் இருக்கிறேன். ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 9

தெருவில் மேப்பிள் மரங்கள் மொட்டை. அடுத்த வீடு, எதிர் வீடு எல்லாம் குச்சி. எங்கள் வளவில் மட்டும் பத்துக் கன்றும் பச்சையாக நிற்கின்றன, நுனி கறுத்தாலும். "பாரும்," என்றேன். பார்த்தாள். "இன்னும் தை வரேல்லை," என்றாள்.

காலையில் தயாபரன் வீடியோவில் வந்தான். வந்தவன் நலம் விசாரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு காணி முழுக்க நடக்கிறான். "அக்கா இதைப் பாருங்கோ, செவ்வரத்தை. இதைப் பாருங்கோ, நீங்கள் வச்ச கறிவேப்பிலை, கூரைக்கு மேலை போட்டுது." பிறகு அந்த அறையைக் காட்டினான். யன்னலைத் திறந்தால் வாழைத்தோட்டம். என்னிடம் நீட்டிலை ஒன்றுதான் இருக்கிறது, அவனிடம் ஒரு முழு வாழைத்தோட்டம். இது என்ன நியாயம்!

யோகமலர் அந்த அறையை மறுபடி ஒரு தரம் காட்டச் சொன்னாள்.

நவம்பர் 17

ஒரு யூவின் கீழ்க்கொப்புகளைக் காணவில்லை. கத்தரித்ததுபோல் சாய்வாக வெட்டு. யார் வெட்டியது என்று குழம்பிக்கொண்டு நின்றேன்.

"முயல்," என்றாள் யோகமலர், யன்னலுக்குள்ளிருந்து. "பக்கத்து வீட்டுப் பின்வாசல் மரத்தட்டுக்குக் கீழை இருந்து வருது. விடிய ஏழு மணிக்கு ஒண்டு, பின்னேரம் நாலு மணிக்கு ரெண்டு. காதிலை வெட்டு விழுந்தது இருக்கே, அதுதான் கள்ளன்."

"கண்டும் நீர் பேசாமலே இருந்தனீர்?"

"கண்ணாடியிலை தட்டினனான். அதுக்கு உங்களளவுக்குப் பயம் இல்லை."

கம்பி வலை வாங்கி வந்து யூ இரண்டையும் சுற்றி அடித்தேன்.

நவம்பர் 26

மகத்தான நாள். காற்று ஊசியாய்க் குத்துகிறது, இரவில் கடுங்குளிர் வரும் என்று வானொலியில் சொன்னார்கள். பத்துக் கன்றையும் காப்பாற்ற ஒரே வழி போர்த்துவதுதான். கடைச் சாக்கு எதற்கு? நிலவறையில் பாஸ்மதி அரிசிச் சாக்கு ஒரு கட்டு இருக்கிறது. யோகமலர் ஒன்றையும் எறிய மாட்டாள். காலை தொடங்கி மதியம்வரை ஒவ்வொன்றையும் தலையிலிருந்து கால்வரை மூடி, கயிற்றால் வரிந்து கட்டினேன். பத்துச் சாக்கிலும் யானைப் படம், பத்து யானையும் ஒரே பக்கம் பார்க்கும்படி கட்டியிருக்கிறேன். விரல் விறைத்துவிட்டது, ஆனாலும் அழகு!

உள்ளே வந்து அவளைத் தோளில் பிடித்து யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரி," என்றாள். "பச்சை எங்கை?"

நானும் எட்டிப் பார்த்தேன். பத்து யானைதான் தெரிந்தது. அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கார்த்திகை மாதத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருடமாகக் கேட்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் மறுபடி ஒரு தரம் சாக்குக் கட்டச் சொன்னாலும் கட்டுவேன்.

நவம்பர் 27

பத்துச் சாக்கையும் அவிழ்த்தேன். வில்மாவைத் திரும்பவும் தொலைபேசியில் கேட்டு, அவள் சொன்னபடி, காற்று வரும் வடமேற்குப் பக்கம் மட்டும் கம்பு நட்டுச் சாக்கைப் படுதாவாகக் கட்டினேன். செடிகளைக் கொல்வது குளிரில்லை, வறட்சியாம். நிலம் உறைந்தால் வேருக்குத் தண்ணீர் கிடையாது, இலையோ காற்றில் காய்ந்துகொண்டே இருக்கும். அதனால் நிலம் உறையும்முன் வேர் நனைய நனைய ஊற்ற வேண்டும்.

வெளிக்குழாயை உறையாமல் இருக்க ஏற்கெனவே மூடிவிட்டேன், தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு கதவைத் திறந்தால், படியடியில் இரண்டு வாளி நிறைய அரிசி களைந்த தண்ணீர். வேண்டுமென்று வைத்ததா, ஊற்ற மறந்ததா தெரியவில்லை. கேட்கவில்லை, எடுத்து ஊற்றினேன்.

டிசம்பர் 2

இன்றும் இரண்டு வாளி.

டிசம்பர் 9

மறைகணக்கில் பதினாலு, பூச்சியத்துக்குக் கீழே. காலையில் வெளியே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நீட்டிலை செத்துவிட்டது. இலையெல்லாம் சுருண்டு ஒடுங்கி, ஊர்ச் சுருட்டைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கீழ்நோக்கித் தொங்குகிறது. யன்னலுக்கு நேர் எதிரே நிற்பது அதுதான். கண்ணுக்கு முன்னால் பட்டுப்போன செடி நிற்பதே கூடாது, அதிலும் இவள் பயணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது! இவள் எழும்பி வருவதற்குள் பிடுங்கி மறைத்துவிட வேண்டும் என்று மண்வெட்டியை எடுத்து வந்தேன். நிலம் இரும்பு. ஒரு போடு போட்டேன், கை அதிர்ந்தது. இரண்டாவது போட்டேன்.

யன்னல் படாரென்று திறந்தது. மறைகணக்குப் பதினாலில் யோகமலர் யன்னல் திறப்பாள் என்று நான் எண்ணியதே இல்லை.

"அதை ஏன் கிண்டுறியள்? விடுங்கோ!"

"செத்துப் போச்சு மலர்."

"ஆர் சொன்னது? நேற்று விடியவும் இப்பிடித்தான் சுருண்டு கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு வெயில் பட விரிஞ்சது. குளிர் கூடினால் சுருளும், குறைஞ்சால் விரியும். ஒரு கிழமையா நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். நீங்கள் ஒண்டையும் பாக்கிறேல்லை, மண்வெட்டியைத் தூக்கிறதுதான் தெரியும்."

மதியம் ஒரு மணிக்கு இருவருமாக யன்னலடியில் நின்றோம். வெயில் ஏற ஏற, ஒவ்வொரு இலையாக அவிழ்ந்து நிமிர்ந்தது. "பாத்தியளே?" என்றாள், தானே விரித்துவிட்டதுபோல்.

டிசம்பர் 13

வீட்டில் இப்போது வானிலை அறிக்கை கேட்பதில்லை. நான் வெளியே இறங்க முன் யோகமலர் யன்னலைப் பார்த்துச் சொல்கிறாள். "நீட்டிலை பாதிதான் சுருண்டிருக்கு, தொப்பி காணும்." "நல்லா இறுக்கிச் சுருட்டிட்டுது, கழுத்துத்துண்டையும் கட்டுங்கோ."

டிசம்பர் 21

ஆரணி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். தாயும் மகளும் அறையில் பெட்டி அடுக்குகிறார்கள். தயாபரனுக்குச் சட்டை, அவன் பிள்ளைகளுக்குச் சொக்கிலேற், யாருக்கோ வலி எண்ணெய். நான் ஏதோ எடுக்கப் போவதுபோல் மூன்று தரம் அந்தப் பக்கம் போய்வந்தேன். அவளுடைய பருத்திச் சேலைகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. அலுமாரியில் என்னுடைய சட்டைகள் மட்டும் ஒரு பக்கமாய்ச் சரிந்து தொங்குகின்றன.

ஆரணி குசினியில் தனியே பிடித்துக் கேட்டாள்: "அப்பா, அம்மா திரும்பி வருவா எண்டு நினைக்கிறீங்களா?"

"வராமல் எங்கை போறது?" என்று கோபமாகச் சொன்னேன். அவள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்வதற்கில்லை, இதில் எழுதிவிட்டேன்.

ஜனவரி 4

இரண்டு நாள் இளஞ்சூடு. பனி கரைந்து ஓடிவிட்டது. பத்துக் கன்றும் கழுவித் துடைத்ததுபோல் நிற்கின்றன. ஹாலியில் சிவப்புப் பழம், யூ கறுப்பா பச்சையா என்று தெரியாத அளவுக்குக் கரும்பச்சை, நீட்டிலை ஒவ்வொரு இலையையும் அகல விரித்துக்கொண்டு. தெருவிலேயே இப்படி ஒரு வளவு இல்லை. நான் என் வாயால் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

"இன்னும் பத்து நாளிலை தை," என்றேன்.

"அப்ப தையிலை காட்டுங்கோ," என்றாள்.

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வது? கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தேன். அவளே தேநீரோடு வந்து எழுப்பினாள்.

ஜனவரி 14

பொங்கல். மின்சார அடுப்பில் பொங்கினோம். பால் பொங்கி வழிந்து புகைந்ததில் புகைமணி அடித்தது, யோகமலர் கும்பிட்டுக்கொண்டு நிற்க நான் கதிரையில் ஏறிப் பட்டரியைக் கழற்றினேன். பொங்கல் நல்ல ருசி.

இன்று தை பிறந்துவிட்டது, யன்னலுக்கு வெளியே பச்சையும் நிற்கிறது. ஆனால் பாரும் பாரும் என்று நான் பின்னால் திரியவில்லை. அவளுக்குக் கண் இருக்கிறது. போகும் நாள்வரைக்கும் நின்றால்தான் பச்சை நின்றதாகக் கணக்கு என்று நானாகவே சொன்னேன். "சரி," என்றாள். ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தேன்?

ஜனவரி 17

இருபத்தெட்டு மணி நேரம் விடாமல் பனி. இந்த ஊரில் பத்து வருடத்தில் இல்லாத பனியாம். ஐம்பது சென்ரிமீற்றர். பத்துக் கன்றும் இல்லை. பத்து வெள்ளைக் கும்பி மட்டும் இருக்கிறது. சாக்குப் படுதாவும் அதற்குள் எங்கேயோ.

ஒரு யோசனையும் இல்லாமல் பனி தள்ளும் சவளை எடுத்துக்கொண்டு போய் முதல் கும்பியில் ஓங்கித் தட்டினேன். உள்ளே படீரென்று ஏதோ முறிந்தது. பாக்ஸ்வுட். பாதிச் செடி பிளந்துவிட்டது. சவளை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். யோகமலர் யன்னலடியில்தான் நின்றாள். நாளை மறுநாள் பின்னேரம் விமானம். அவள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தாள். எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 18

காலையில் வண்டிப் பாதையில் பனி தள்ளப் போனேன். எப்படியும் நாளைக்கு அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகக் கார் வெளியே வர வேண்டுமே. ஒரு மணி நேரம் தள்ளியிருப்பேன். பின்பக்கம் யாரோ பேசும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

யோகமலர்! வீட்டுக்குள் போடும் சோட்டி, அதற்கு மேல் என்னுடைய குளிரங்கி, தலையில் கம்பளித்துண்டு, காலில் என்னுடைய பூட்ஸ். அது அவளுக்கு முழங்கால் தொடுகிறது. கையில் வீடு கூட்டும் தும்புத்தடி. தொடையளவு பனிக்குள் நின்றுகொண்டு கன்றோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"பொறு, பொறு, இப்ப எடுத்துவிடுறன். பாவம், எவ்வளவு பாரம். உந்த ஆள் சவளாலை அடிச்சதே? அடிப்பார், அவருக்கென்ன."

நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். இருபத்தேழு பனிக்காலம் இந்த நாட்டில். ஒரு நாள்கூட அவள் தானாக விரும்பிப் பனிக்குள் இறங்கியதில்லை.

தும்புத்தடியால் அவள் அடிக்கவில்லை. கொப்புக்குக் கீழே மெல்லக் கொடுத்து, மேல்நோக்கி ஏந்தி ஏந்திக் குலுக்குகிறாள். பனி பொலபொலவென்று சரிகிறது. ஒரு கொப்பு விடுபட்டு மேலே துள்ளுகிறது. அடுத்தது. யூ முழுதாக வெளியே வந்துவிட்டது. ஹாலியின் பழங்கள் இரண்டு தெரிகின்றன.

என்னைக் கண்டுவிட்டாள். மூக்கு நுனி சிவந்து, முகமெல்லாம் பனித்தூள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அந்தப் பிளந்த கண்டைச் சேர்த்துக் கட்டவேணும். போய் என்ரை பழைய நூல்சேலை ஒண்டைக் கிழிச்சுக்கொண்டு வாங்கோ."

"உம்மடை நூல்சேலை எல்லாம் பெட்டிக்குள்ளை."

"அப்ப பெட்டியைத் திறவுங்கோ."

ஓடினேன். இந்த வயதில் படியில் அப்படி ஏறக் கூடாது. பெட்டியின் பூட்டைத் திறந்து, மேலே இருந்த சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அவள் பிளந்த இரண்டு பாதியையும் கையால் அணைத்துப் பிடித்தாள், நான் சுற்றிக் கட்டினேன். இறுக்கிக் கட்டினதற்கு ஒரு தரமும், தளர்த்தினதற்கு ஒரு தரமும் ஏச்சு வாங்கினேன். பத்துக் கன்றும் வெளியே வர மதியம் தாண்டிவிட்டது. நீட்டிலை மட்டும் சுருட்டிக்கொண்டு நின்றது. "அது வெயிலுக்கு விரியும்," என்றாள்.

உள்ளே வந்து கையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது தயாபரன் எடுத்தான். யோகமலர் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, எல்லாம் றெடிதானே? அறைக்குப் புது மெத்தை போட்டாச்சு."

"தம்பி, கோவிக்காதை. நான் இப்ப வரேல்லை."

என் கோப்பையிலிருந்து தேநீர் சிந்தியது. துடைக்கத் துணி தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"என்னக்கா சொல்லுறியள்? அத்தான் விடமாட்டன் எண்டிட்டாரோ?"

"அவரென்ன விடுறது? கண்டுகளை விட்டிட்டு வரேலாதடா. ஒண்டு முறிஞ்சு கட்டுப் போட்டுக் கிடக்கு. முயல் வேறை. பனி விழுந்தால் உடனுக்குடனை தட்டவேணும். இவரை நம்பி விட்டால் சவளாலை அடிச்சுக் கொல்லுவார்."

தயாபரன் பெரிதாகச் சிரித்தான். "வீட்டிலை பசுமாடு நிக்குது, வரேலாது எண்டு சொல்லுற ஊர்ச் சனம் மாதிரியெல்லே கதைக்கிறியள்!"

"ஓம். அப்பிடித்தான்," என்றாள் யோகமலர். "மாட்டை ஆரும் விட்டிட்டு வருவினமே?"

பங்குனிக்குப் பிறகு, கன்றுகள் நிமிர்ந்த பிறகு, இரண்டு பேருமாக ஒரு மாதத்துக்கு வருவதாகச் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதாவது உளறியிருப்பேன்.

ஜனவரி 19

பின்னேரம் நாலு மணிக்கு விமானம் போயிருக்கும். அந்த நேரம் நாங்கள் யன்னலடியில் நின்று, காது வெட்டு விழுந்த கள்ளன் கம்பி வலையைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய சேலைகள் நிலவறைக் கொடியில் காய்கின்றன. பெட்டியில் கிடந்து மடிப்பு விழுந்துவிட்டதாம், எல்லாவற்றையும் அலசிப் போட்டிருக்கிறாள்.

"என்னவோ, கடைசியிலை தை மாசத்திலை உமக்குப் பச்சை காட்டிப்போட்டன்," என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் எங்கை காட்டினியள்? பனி மூடிக் கிடந்தது. தும்புத்தடி கொண்டுபோய் வெளியிலை எடுத்தது நான். பந்தயத்திலை நீங்கள் தோத்திட்டியள்."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரிதான். தோற்றுத்தான் போனேன். இரவுச் சாப்பாடுவரைக்கும் தோற்றவன் மாதிரி முகத்தை வைத்திருக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. "என்னத்துக்கு இளிக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டாள்.